மிளகாய், கத்தரி நாற்றுகளின் தண்டில் சேதம்: எந்தப் பூச்சி என்று பிடிபடவில்லை

பின்வாசல் தோட்டம்

வணக்கம். நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், அதை ஒட்டிச் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் செம்பனை. மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறேன். மிளகாயில் பாதி சமையலறைச் சுவரோரம் பொலிபேக்கில் இருக்கிறது. மீதி சந்து வேலியோரம் நேராக மண்ணில். கத்தரிக்குத் தனிப் பாத்தி.

நாற்றுகள் ஒரு சாண் உயரம் வரை அழகாக வந்தன. இப்போது தினமும் காலையில் ஒரு சேதம். சில செடிகள் அறுத்துப் போட்ட மாதிரி கிடக்கின்றன. சிலவற்றில் தண்டின் பட்டை உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. செடி நிற்கிறது, ஆனால் வெயில் ஏறினால் தலை தொங்கிவிடுகிறது. இலையில் ஓட்டை கிடையாது, சுருட்டை கிடையாது. பூச்சி என்று கண்ணில் பட்டது எறும்பு மட்டும்தான். மருந்துக் கடையில் சொன்னேன், எல்லாத்துக்கும் இது ஆகும் என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். இன்னும் மூடியைத் திறக்கவில்லை. அடிக்கலாமா?

இணையத்தில் தேடினால், தண்டு சேதம் என்றாலே வெளிநாட்டில் கஞ்சா வளர்க்கிறவர்களின் பேச்சுதான் முதலில் வந்து நிற்கிறது. அவர்களும் பாவம், என்னைப் போலவே படம் போட்டு ‘இது என்ன பூச்சி’ என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு ஒரு முழி முழித்தார்.

கெடா குமரன்

அக்கா, முதலில் அந்தப் பக்கத்தை மூடுங்கள்! நம் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா வளர்ப்புக்கென்றே 6பி பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு செடி என்றாலும் விடாது. அங்கே சில நாடுகளில் அது சட்டப்படி வளர்க்கிற பயிர், அவர்கள் பாடு அவர்களுக்கு.

உங்கள் செடி விஷயத்தில் என் ஓட்டு நத்தைக்கு. மழை வேறு விடாமல் பெய்கிறது. பெரிய ஆப்பிரிக்க நத்தை இரண்டு இருந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வரிசை காலி.

செம்மோர் நர்சரி மணி

நத்தை வந்திருந்தால் காய்ந்த பசைக்கோடு பொலிபேக் மேலேயே பளபளக்கும். அது படத்தில் இல்லை. நத்தை இலையையும் விட்டுவைக்காது.

அக்கா, நீங்கள் போட்ட படத்தில் மூன்று செடி தெரிகிறது, மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது. எந்தச் செடி எங்கே நிற்கிறது? காயம் மண்ணிலிருந்து எத்தனை விரல் உயரம்? தண்டைச் சுற்றி வளைத்து இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? விளிம்பு நறுக்கென்று இருக்கிறதா, நார் நாராகக் கிழிந்திருக்கிறதா? தொட்டால் நசநசவென்று ஈரமா, காய்ந்த காயமா? இதெல்லாம் தெரியாமல் பூச்சியின் பேரைச் சொல்லச் சொன்னால் நாங்கள் குறி பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மண்டோர் வீடு

தங்கச்சி, வேலியோரச் செடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரில் பொடி மண்ணைக் கூட்டி ஏற்றி வைத்திருக்கிறது. அது நெருப்பெறும்பு வேலை. வெண்டை, கத்தரி, எலுமிச்சைக் கன்று எதையும் விடாது. இளம் பட்டையைச் சுரண்டிச் சாற்றைக் குடிக்கும். அப்படியே வளைத்துச் சுரண்டிவிட்டால் செடி மேலே பச்சையாக நிற்கும், கீழே செத்திருக்கும். ஒரு குச்சியால் அந்த மண்ணைத் தட்டிப் பாருங்கள். கையை உடனே எடுத்துவிடுங்கள்.

மருந்து அடிப்பதென்றால் கொஞ்சம் தூக்கலாகக் கலந்து தூரிலேயே ஊற்றலாம். எஸ்டேட்டில் கன்றுக்கு அப்படித்தான் செய்வோம்.

பச்சை வேம்பு

தூக்கலாக ஊற்றுவதா? ஐயா, இது வீட்டுச் சமையலுக்குப் போகிற மிளகாய். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, சாயங்காலம் தெளித்தால் போதும்.

செம்மோர் நர்சரி மணி

அக்கா, வேப்பெண்ணெய் நல்லதுதான். எதற்கு அடிக்கிறோம் என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

இலாகா பழைய ஆள்

விவசாய இலாகாவில் களப்பணியில் இருந்தவன். பாட்டிலை இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காப்பி வாங்கித் தரலாம். அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். செத்த செடி, சாகிற செடி எல்லாவற்றையும் வேரோடு எடுத்துப் பழைய செய்தித்தாளில் பரப்புங்கள். எந்த இடத்துச் செடி என்று பேனாவால் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு காயத்தை வைத்துப் பிரியுங்கள், இடத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். தண்டு அறுந்தது ஒரு பக்கம், பட்டை உரிந்தது ஒரு பக்கம், அழுகியது ஒரு பக்கம். எல்லாம் ஒரே குவியலில் விழுந்தால் காரணம் ஒன்றாக இருக்கலாம். எனக்கென்னவோ அப்படி விழாது என்று தோன்றுகிறது.

அறுந்த செடியில் பார்க்க வேண்டியது: மண்மட்டத்தில் அறுந்து, மேல்பாகம் அங்கேயே கிடந்தால் வெட்டுப்புழு. பகலில் அது அதே செடியின் அடியில்தான் படுத்திருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் விரலால் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். மேல்பாகமே காணோம் என்றால் புழு இல்லை, அதை இழுத்துக்கொண்டு போக வேறு ஆள் இருக்கிறது.

உரிந்த செடியில்: பல் தடம் இரண்டு இரண்டாகத் தெரிந்தால் எலி. மண் பூச்சு இருந்தால் கரையானோ எறும்போ. பழைய ரப்பர் நிலம் என்கிறீர்கள், மண்ணுக்குள் இன்னும் மரக்கட்டை இருந்தால் கரையானுக்குக் கொண்டாட்டம். ஆனால் கரையான் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வராது, மண்ணைக் குழைத்து மேலே மூடிக்கொண்டு உள்ளே வேலை செய்யும்.

அழுகியதில் தண்டின் கழுத்தைப் பாருங்கள். அதாவது மண்ணும் தண்டும் சேர்கிற இடம். முளைத்துக் கொஞ்ச நாளே ஆன பிஞ்சு நாற்றில் அந்த இடம் நீர் கோத்து நூலாக இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். உங்கள் செடி அந்த வயதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் கழுத்து அழுகினால் வேறு பூசணங்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று வாடுகிற செடி இருந்தால், தண்டை அடியில் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுவாய் மட்டும் நனைகிற மாதிரி தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கலந்த மாதிரி வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். நம் தாழ்நிலத்து மண்ணில் அது சாதாரணமாக இருக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் பிடிக்கும். வந்தால் அந்த இடத்தில் சோளம் மாதிரி வேறு குடும்பத்துப் பயிருக்கு மாறுவதுதான் வழி.

கெடா குமரன்

பாட்டிலில் என்ன மருந்து அக்கா? லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பின்வாசல் தோட்டம்

சைபர்மெத்ரின் என்று போட்டிருக்கிறது தம்பி.

சார் சொன்ன மாதிரியே பரப்பிப் பார்த்தேன். மூன்று குவியலாகத்தான் பிரிந்தது. அதைவிட ஆச்சரியம், குவியலும் இடமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன.

சுவரோரப் பொலிபேக்குகளில் இருப்பவை எல்லாம் அறுந்தவை. ஒரு விரல் உயரத்துக்குக் குச்சி மட்டும் நிற்கிறது, மேல்பாகம் பல செடிகளில் காணவே காணோம். மண்ணைக் கிளறினேன், புழு எதுவும் இல்லை.

வேலியோர மிளகாயில்தான் பட்டை உரிந்திருக்கிறது. மண்ணிலிருந்து மூன்று விரல் உயரத்தில், ஒரு பக்கம் மட்டும். சில செடிகளில் நார் தொங்குகிறது. எறும்பு நிறைய. மண்டோர் ஐயா சொன்ன மாதிரி குச்சியால் தட்டினேன், குச்சி வழியாகவே ஏறி வந்து கடித்துவிட்டது. விரல் வீங்கி இருக்கிறது.

கத்தரிப் பாத்தியில் கழுத்து பழுப்பாகி மெத்தென்று இருக்கிறது. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வருகிறது, வேர் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கிளாஸ் சோதனை செய்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

இலாகா பழைய ஆள்

அப்படியானால் கடைக்காரர் கொடுத்தது மூன்றில் ஒன்றுக்கு வேண்டுமானால் ஆகலாம். சைபர்மெத்ரின் பூச்சிக்கொல்லி, பூசணத்தை அது ஒன்றும் செய்யாது. அசுவினியைத் தின்று வாழும் பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும், அப்புறம் அசுவினி பெருகிவிட்டது என்று இன்னொரு பாட்டில் வாங்க வேண்டியிருக்கும்.

கத்தரித் தண்டில் கழுத்துப் பகுதியை இரண்டு அங்குலம் நறுக்கி, ஈரத் துணி விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும். ஓரிரு நாளில் என்ன முளைக்கிறது என்று சொல்லுங்கள்.

மண்டோர் வீடு

எறும்பு நான் சொன்னேனா இல்லையா?

செம்மோர் நர்சரி மணி

சொன்னீர்கள் அண்ணே. ஆனால் எறும்பு ஏன் ஒரு பக்கம் மட்டும் தின்கிறது? அதுவும் எல்லாச் செடியிலும் மூன்று விரல் உயரத்தில்? எறும்பு தூரிலிருந்து தொடங்கும், மண்ணைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறும். அளந்து வைத்த மாதிரி ஒரே மட்டத்தில் காயம் என்றால் எனக்கு வேறு சந்தேகம். அக்கா, உரிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? வீட்டைப் பார்த்தா, சந்தைப் பார்த்தா? சந்தில் புல் வெட்ட ஆள் வருவார்களா?

பின்வாசல் தோட்டம்

சந்தைப் பார்த்துத்தான்! மாதம் ஒரு முறை தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். போன வாரமும் வந்தார்கள். ஆனால் வேலிக்கு உள்ளே எப்படி?

செம்மோர் நர்சரி மணி

வேலி என்ன வேலி? கம்பி வலையாக இருந்து அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தால் நைலான் கயிறு உள்ளே நுழைந்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போய்விடும். நர்சரியில் எங்களுக்கு வருகிற புகாரில் பாதி இதுதான். மாங்கன்று, பலாக்கன்று காரணமே இல்லாமல் காய்கிறது என்று கொண்டுவருவார்கள், தூரில் பார்த்தால் கயிறு அடித்த காயம். செடிக்கு முட்டுக்குச்சி நட்டிருக்கிறீர்களா? அதில் பாருங்கள்.

மண்டோர் வீடு

தம்பி, மெஷினை நான் பார்க்காததா? கயிறு அடித்தால் செடி பறந்தே போய்விடும். இவ்வளவு மெல்லிய தண்டு அதற்கு முன்னால் நிற்குமா?

செம்மோர் நர்சரி மணி

நேராகப் பட்டால் போய்விடும், உண்மைதான். நுனி மட்டும் உரசினால் பட்டை மட்டும் போகும்.

பின்வாசல் தோட்டம்

டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூங்கில் குச்சியில் கீறல் இருக்கிறது. செடியில் காயம் இருக்கும் அதே உயரத்தில், அதே பக்கத்தில். பச்சை மூங்கிலின் தோல் பெயர்ந்து உள்ளே வெளிர் மஞ்சளாகத் தெரிகிறது. அடி இலைகளின் கீழ்ப்பக்கம் பொடிப் பொடியாகப் புல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இத்தனை நாளும் அதை எறும்பு கொண்டுவந்த குப்பை என்று நினைத்திருந்தேன்.

ஆனால் மூலையில் குழாயடிப் பக்கம் இரண்டு செடி, சந்திலிருந்து எட்டாத இடம். அதிலும் பட்டை இல்லை. அதில் காயம் தூரிலேயே இருக்கிறது, சுற்றி வளைத்து. முட்டுக்குச்சியில் கீறல் கிடையாது.

மண்டோர் வீடு

அந்த இரண்டும் என்னுடையது. மூங்கிலை எறும்பு கடிக்காது, அதனால் வேலியோரத்தைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். காயம் பட்ட இடத்தில் சாறு கசியும், எறும்பு அதற்கு வரும், வந்தது விளிம்பைச் சுரண்டிக் காயத்தைப் பெரிதாக்கும். எறும்பை விரட்டாமல் விட்டால் மெஷின் மிச்சம் வைத்ததை அது முடித்துவிடும்.

பால்மரம் வெட்டினவனுக்குப் பட்டையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால் மரம் மறுபடி பட்டை கட்டும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். கங்காணி பார்த்தால் வசவுதான். உங்கள் மிளகாயும் அப்படித்தான். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை இருந்தால் செடியைப் பிடுங்காதீர்கள், நிழல் வலை கட்டி, தொங்கும் நாரைக் கூர்மையான பிளேடால் நறுக்கிவிட்டுக் காயத்தைக் காய விடுங்கள். முழுக்க வளைத்துப் போனது பிழைக்காது.

பச்சை வேம்பு

காயத்துக்கு மேல் மண் அணைத்தால் புது வேர் விடாதா? தக்காளியில் நான் செய்திருக்கிறேன்.

செம்மோர் நர்சரி மணி

தக்காளி தண்டு முழுக்க வேர் விடும் அக்கா. மிளகாய் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. திறந்த காயத்தில் ஈர மண்ணை அணைத்தால் இந்த மழையில் அழுகல்தான் முந்திக்கொள்ளும்.

ரவாங் ராஜா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். செம்பனைப் பக்கத்திலிருந்து களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாமே? எங்கள் வீட்டில் தக்காளி அப்படித்தான் போனது.

இலாகா பழைய ஆள்

களைக்கொல்லி காற்றோடு வந்தால் முதலில் இலை காட்டிக்கொடுக்கும். கிளைபோசேட் என்றால் குருத்து வெளுத்து இலை ஒடுங்கும். பாராகுவாட் என்றால் துளி விழுந்த இடமெல்லாம் கருகிப் புள்ளி விழும். இங்கே இலை சுத்தமாக இருக்கிறது. பாராகுவாட் எப்படியும் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை.

மண்டோர் வீடு

தடை தாமதமாகத்தான் வந்தது. 2002இல் நிறுத்தப் போகிறோம் என்றார்கள், 2006இல் மறுபடி விட்டார்கள். எங்கள் டிவிஷனில் மருந்தடித்ததெல்லாம் பெண்கள்தான். முதுகில் தோம்பு, காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் ஒரு துண்டுத் துணி. நகம் கறுத்துக் கழன்று போகும், மூக்கில் ரத்தம் வரும். என் சம்சாரத்துக்கு இரண்டு நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. மேலே தூக்கலாக ஊற்றலாம் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தங்கச்சி, அந்தப் பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பச்சை வேம்பு

அம்மாவுக்கு என் வணக்கம் ஐயா.

ரவாங் ராஜா

எறும்புக்கு அப்போது என்ன செய்வது?

இலாகா பழைய ஆள்

விஷ இரை. போரிக் ஆசிட் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கூட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே வேலைக்கார எறும்பு செத்துவிடும், ராணி உள்ளே சௌக்கியமாக இருக்கும். நெருப்பெறும்புக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும், கச்சான் (வேர்க்கடலை) வெண்ணெயில் குழைத்து, ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் அடைத்துக் கூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள், நாய், பூனை எட்டாத இடம். கூடு செடியிலிருந்து தள்ளி இருந்தால் கொதிதண்ணீரே போதும்.

கெடா குமரன்

எல்லாம் சரி, பொலிபேக்கில் அறுத்துக்கொண்டு போகிற ஆள் யார் என்று யாரும் சொல்லவில்லையே. எலியா?

மண்டோர் வீடு

எலி அறுத்தால் தண்டைக் கொறித்துத் துண்டு துண்டாகப் போட்டுவிட்டுப் போகும். செம்பனைக் கன்றில் தூரைக் குடைந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்னும். அதற்காகத்தான் எஸ்டேட்டில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். முள்ளம்பன்றி என்றால் பையையே கவிழ்த்திருக்கும். இது வேறு ஏதோ. தங்கச்சி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய் உட்காருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இலாகா பழைய ஆள்

டார்ச்சுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டால் நல்லது, வெள்ளை வெளிச்சம் பட்டால் பலது ஓடி ஒளிந்துவிடும். சுவரோரத்தில் புது மண் குவியல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்வாசல் தோட்டம்

கண்டுபிடித்துவிட்டோம்!!

சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில், பொலிபேக்குகளுக்குப் பின்னால், ஒரு கைப்பிடி அளவு புது மண் குவிந்திருந்தது. உருண்டை உருண்டையான மண். அதை விலக்கினால் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரு துவாரம், துவாரத்தின் வாயில் பாதி வாடிய மிளகாய் இலை ஒன்று காம்பு வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். முதலில் குமிழி வந்தது. அப்புறம் இரண்டு நீளமான மீசை. அதற்கப்புறம் கட்டைவிரல் தடிமனில் ஒரு பழுப்புச் சுவர்க்கோழி, முகமெல்லாம் நுரையோடு, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தது. நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு மக்சிக் வந்துவிட்டார். ‘செங்கெரிக் பெசார்’, பெரிய சுவர்க்கோழி என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். இன்னும் இரண்டு துவாரம் அவரே காட்டினார்.

கெடா குமரன்

அக்கா, அதை என்ன செய்தீர்கள்?

பின்வாசல் தோட்டம்

மக்சிக்கின் கோழி தின்றுவிட்டது.

இலாகா பழைய ஆள்

இது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய ரகம். ராத்திரியில் வெளியே வந்து இளந்தண்டை அறுத்து வளைக்குள் இழுத்துக்கொண்டுபோய் வைத்துத் தின்னும். அதனால்தான் மேல்பாகம் காணாமல் போனது. துவாரங்களைச் சோப்புத் தண்ணீரால் பாருங்கள். மீதி நாற்றுக்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, குழாய் மாதிரி செடியைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் மண்ணில் அழுத்துங்கள். பால் டின்னும் ஆகும், ஆனால் அது குட்டை, இந்த ஆள் தாண்டிவிடும். தண்டு பென்சில் தடிமன் ஆனால் அறுக்க முடியாது, அப்போது எடுத்துவிடலாம். பொலிபேக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றினால் இன்னும் நல்லது.

பின்வாசல் தோட்டம்

கத்தரி டப்பாவையும் திறந்து பார்த்தேன் சார். தண்டு மேல் வெள்ளையாக நூல் படர்ந்து, விசிறி மாதிரி டப்பாச் சுவரிலும் ஏறியிருக்கிறது. நூலுக்கு நடுவில் சின்னச் சின்ன வெள்ளை மணிகள். சிலது பழுப்பாகிக் கடுகு போலவே இருக்கிறது. பாத்தியிலும் மூடாக்கை விலக்கிப் பார்த்தேன், தூரைச் சுற்றி அதே கடுகு கிடக்கிறது.

இலாகா பழைய ஆள்

ஸ்கிளெரோட்டியம் ரோல்ஃப்சி என்ற மண் பூசணம். இனி சந்தேகமே வேண்டாம். அந்தக் கடுகுதான் அதன் வித்து மாதிரி, மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து காத்திருக்கும். சூடு, ஈரம், புளிப்பு மண் மூன்றும் அதற்குப் பிடிக்கும். சுங்கை சிப்புட்டில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பழைய ரப்பர் மண் இயல்பாகவே புளிப்பு, சுண்ணாம்பு போடாத இடத்தில் பிஎச் 5க்குக் கீழேயும் இருக்கும். மூடாக்கு என்ன போட்டீர்கள்?

பின்வாசல் தோட்டம்

சந்தில் வெட்டிப் போட்ட புல். அள்ளிக்கொண்டு வந்து தூரை அணைத்துப் போட்டேன். பச்சையாகத்தான்.

செம்மோர் நர்சரி மணி

அந்த மெஷின் ஆட்கள் உங்கள் தோட்டத்தில் எத்தனை வேலைதான் பார்க்கிறார்கள்!

இலாகா பழைய ஆள்

மூடாக்கு போடுவது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் மட்காத பச்சைப் புல் அந்தப் பூசணத்துக்குச் சாப்பாடு. அதைத் தின்று பலம் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் தண்டுக்குத் தாவும். காய்ந்ததை, தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள்.

செத்த கத்தரியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் பையில் அள்ளிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மீதிப் பாத்தியில் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குப் புரட்டி அடியில் போட்டுவிட்டால் அங்கிருந்து அது முளைத்து மேலே வர முடியாது. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் கிடைத்தால் மட்கின எருவில் கலந்து போடலாம். அது வரும்முன் காக்கிற சரக்கு, அழுகின செடியை எழுப்பாது. தொட்ட கரண்டியைக் கழுவாமல் மிளகாய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மிளகாயையும் இது பிடிக்கும்.

பச்சை வேம்பு

சுண்ணாம்பு எவ்வளவு? கோழி எருவோடு சேர்த்துப் போடலாமா?

செம்மோர் நர்சரி மணி

டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 200 கிராம் போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். உரக் கடையில் ஜிஎம்எல் என்று கேட்டால் கொடுப்பார்கள். எருவோடோ யூரியாவோடோ ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுண்ணாம்பு போட்டு இரண்டு மூன்று வாரம் விட்டு எரு.

ரவாங் ராஜா

இழை திசை மாறினாலும் பரவாயில்லை என்றால் ஒரு கேள்வி. என் கத்தரியில் கழுத்து நன்றாக இருக்கிறது, நுனிக் கொழுந்து மட்டும் தொங்குகிறது. தண்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, ஓட்டை வாயில் ஈரமான தூள்.

மண்டோர் வீடு

உள்ளே ஆள் இருக்கிறது. ஓட்டைக்கு இரண்டு விரல் கீழே நறுக்கிப் பிளந்து பாருங்கள்.

ரவாங் ராஜா

இருந்தது ஐயா. இளஞ்சிவப்பாக ஒரு புழு.

இலாகா பழைய ஆள்

தண்டு காய்த் துளைப்பான். தொங்குகிற கொழுந்தையெல்லாம் கண்டவுடன் நறுக்கி எரியுங்கள், காய் பிடிக்கும்போது இதே பூச்சிதான் காய்க்குள்ளும் போகும். புழு தண்டுக்குள் போனபின் மேலே எதை அடித்தாலும் அதன்மேல் படாது. தங்கை தேடிப் போன அந்தக் கஞ்சாப் பக்கங்களில் தண்டு வீங்கி ஒடிந்த படங்கள் இருந்திருக்குமே, அவர்களுக்கும் இந்த மாதிரி உள்ளே புகுந்து குடைகிற ஒரு துளைப்பான் உண்டு. பூச்சி வேறு, தொல்லை அதே.

பின்வாசல் தோட்டம்

நன்றாக நினைவிருக்கிறது சார், ஆனால் இனி அதைத் திறந்தால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

வேலியடியில் பழைய ஜிங்க் தகடு ஒரு முழ உயரத்துக்குக் கட்டிவிட்டோம். புல் வெட்ட வந்தவர்களிடமும் பேசினேன், ஒருவர் வங்காளதேசத்துத் தம்பி, வேலிக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்கிறேன் என்றார். காயம்பட்ட மிளகாயில் பாதிக்கு மேல் நிற்கிறது, மத்தியானத்தில் இப்போது தலை தொங்குவதில்லை. மண்டோர் ஐயா, கத்தரியை அதே பாத்தியில் எப்போது திரும்பப் போடலாம்?

மண்டோர் வீடு

இந்தப் போகம் வேண்டாம். சோளம் போடுங்கள். கத்தரி நாற்றைப் பொலிபேக்கில் வளர்த்து வையுங்கள், பலகை மேல்.